பிரஷரை ஒழித்த தோட்டம்

ஊவா மாகாணத்தில் இரத்த அழுத்தம் என்னும் கொடிய நோயை இரண்டே வாரத்தில் ஒழித்துக்கட்டிய பெருமை, ஸ்பிரிங்வெளிக்கு அப்பாலுள்ள வெள்ளைமண் தோட்டத்தையே சேரும். மருந்து, பத்தியம் எதுவும் தேவைப்படவில்லை. டிஸ்பென்சரிக்குப் புது பிரஷர் மெஷின் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் "குணமானவள்" கொழுந்து பறிக்கும் இராக்கம்மா. பழைய பாதரச மெஷினில் அவளுக்கு 170. எனவே மாத்திரையும், மலையேறாமல் நாற்றுமேடையில் வேலை செய்யத் துண்டுச் சீட்டும் கிடைத்துவந்தன. புது மெஷின் 140 என்றது. தோட்டத்து விதிப்படி 150ஐத் தாண்டினால்தான் நோயாளி. மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அவளைப் பதினோராம் நம்பர் மலைக்கு அனுப்பினார்கள். போன மாதம், துண்டு கிடைக்கும் முன், அவள் தலைசுற்றிக் கூடையோடு உருண்டது அதே மலையில்தான்.

"ஐயா, தல இன்னும் சுத்துதுங்க," என்றாள் டிஸ்பென்சர் நிஷாந்திடம்.

"தலைய நம்பாத இராக்கம்மா. மெஷின நம்பு."

அவர் சும்மா சொல்லவில்லை. நாற்பது பேரை இரண்டு மெஷினிலும் அளந்து, கணினியில் போட்டு, வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக ஒரே கோட்டில் நின்றன. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று சொல்லும் இணைபுக் குணகம் 0.99! ஆகவே இரண்டு மெஷின்களும் "முற்றாக ஒத்துப்போகின்றன" என்று நலன்புரிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. தோட்டத்து மேனேஜரான துரை கைதட்டினார். எல்லோருக்கும் டீயும் ரோல்ஸும் கிடைத்தன. புதியது எவரை அளந்தாலும் முப்பது குறைத்தே காட்டியது என்ற அற்ப விஷயத்தை யாரும் கிளறவில்லை.

இராக்கம்மாதான் கிளறினாள். "நம்ம கொழுந்துத் தராசும் அப்படித்தானுங்க. பத்து கிலோ போட்டா எட்டுங்குது, இருபது போட்டா பதினெட்டுங்குது. கொழுந்து ஏறுனா அதுவும் ஏறுது, எறங்குனா எறங்குது. அதுக்காகத் தராசு சரின்னு ஆயிருமாங்க?"

"இது விஞ்ஞானம். கொழுந்து இல்ல," என்றார் நிஷாந்த்.

விஞ்ஞானத்தோடு மல்லுக்கட்ட முடியுமா? மலையேறினாள். மூன்றாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வர, தேயிலைச் செடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை உருண்டால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயந்துபோய் நேரே டிஸ்பென்சரிக்கு வந்து பெஞ்சில் காத்திருந்தாள்.

அப்போது துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வரிசை அவருக்கு வழிவிட்டது. புது மெஷின் 138 காட்டியது.

"நார்மல் சேர்!" நிஷாந்த் பூரித்துப்போனார்.

துரை பூரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்தப் பழைய மெஷின எடுங்க," என்றார்.

அலமாரி திறந்தது. பழையது 168 என்றது. ஐந்தாவது நிமிடம் துரையின் ஜீப் பதுளையில் இருக்கும் டாக்டரைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது.

நிஷாந்த் அலமாரியைப் பூட்டப் போனார். இராக்கம்மா கையை நீட்டினாள்.

"பூட்டாதீங்கய்யா. எனக்கும் அதுலயே பாருங்க."

"அது... துரைமாருக்கு வச்சிருக்கு."

இராக்கம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

"அப்ப எது நெசமுன்னு ஒங்க எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருக்கு. கொழுந்து நிறுக்கிற நெசத் தராச எந்த அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கீங்க, ஐயா?"