தோட்டக்காரனைக் கூப்பிட்டது நான்தான்

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அக்காவின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. நீயாவது நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்; இல்லாவிட்டால் அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம், இப்போது என் கதையைக் கேள். போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருக்கும் உன் அக்கா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். நேற்று நாடகம் விட்டு வந்ததிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கல்யாண நாளுக்கென்று நீ ஏற்பாடு செய்த பட்டணத்து விடுமுறை இந்த லட்சணத்தில் இருக்கிறது.

முதலில் நீ சொன்ன பெரிய ஓட்டலுக்கு மாலைத் தேநீருக்குப் போனோம். ஒரு டீ குடிக்க இவ்வளவு பாத்திரமா மச்சான்? மூன்றடுக்குத் தட்டு. அடியில் ஓரம் வெட்டிய ரொட்டி, உச்சியில் விரல்நுனி அளவுக்குக் கேக். நான் உச்சியில் கைவைத்தேன். "கீழேருந்துதாங்க மேல போகணும்" என்று உன் அக்கா பல்லைக் கடித்தாள். சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு அவள் குடித்த அழகென்ன! நான் சூடு தாங்காமல் சாஸரில் ஊற்றி உறிஞ்சினேன். என் உறிஞ்சல் உனக்குத் தெரியும். மேஜைக்கடியில் அவள் விட்ட உதை குறிதவறி, டீ ஊற்ற வந்தவர் முழங்காலில் விழுந்தது. பாவம், அவர்தான் "சாரி" சொன்னார். அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அப்புறம் நாடகம். கல்யாணமான புதிதில் கூட்டிப்போகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்து, இத்தனை வருஷம் இழுத்தடித்த நாடகம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொஞ்ச நேரத்தில் மேடையில் கோர்ட் வந்தது. புருஷனைக் கொன்றதாகக் கதாநாயகி கூண்டில் நிற்கிறாள். நீதிபதி உள்ளே வருகிறார், ஒரு பயல் குரல் கொடுக்கவில்லை! கோர்ட் டவாலியாக நீதிபதிக்கு முன்னால் நடந்து சத்தம் போட்டே காலம் பூராவும் சம்பளம் வாங்கியவன் நான். என் கால் என்னைக் கேட்டா செய்யும்? எந்திரிச்சுட்டேன். "சைலன்ஸ்! எல்லாரும் எந்திரிங்க!" அரங்கமே எழுந்து நின்றது. நீதிபதியாக நடித்தவர் முதலில் மிரண்டார், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். "முக்கிய சாட்சி தோட்டக்காரன் எங்கே?" என்று வக்கீல் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. சாட்சியைக் கூப்பிட ஆளில்லாம ஒரு கோர்ட் தவிக்கிறதை நான் எப்படிப் பார்த்துட்டிருக்க முடியும்? அடிவயித்துலேருந்து மூணு தடவை கூப்பிட்டேன்: "தோட்டக்காரன்! தோட்டக்காரன்! தோட்டக்காரன்!"

கடைசிக் காட்சியில் வரவேண்டிய அந்த மனுஷன், உள்ளே மீசை ஒட்டிக்கொண்டிருந்தவர், தன் முறை வந்துவிட்டதென்று பதறிப்போய், பாதி மீசையோடு ஓடிவந்து, "அம்மா கொல்லலைங்க ஐயா, அம்மாவோட தம்பிதான் கொன்னாரு!" என்று ஒப்பித்துவிட்டார். (மனசில் வைத்துக்கொள்ளாதே மச்சான், கதை அப்படி.) இன்னும் இடைவேளைகூட வரலை, கொலைகாரன் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நீதிபதி வேறு வழியில்லாமல் கதாநாயகியை விடுதலை செய்தார். திரையை இழுத்துவிட்டார்கள். மேனேஜர் என் தோளில் கைபோட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

உன் அக்கா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். கண்ணெல்லாம் தண்ணீர். அவ திட்டினா வாங்கிக்கிட்டு நிம்மதியா தூங்குவேன், பழகிப்போச்சு. இந்த மௌனம்தான் தாங்கலை. காலையில் டீயைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், துணி தேய்த்தேன், கால் பிடித்துவிட்டேன். ம்ஹூம். இன்று மாலை அதே நாடகத்துக்கு மறுபடி டிக்கெட் எடுத்திருக்கேன், வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்றேன்னு சத்தியம் பண்ணினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா, தோள் மறுபடி குலுங்குது. இந்தக் கடிதம் கண்டதும் நீதான் அவளிடம் பேசி வழிக்குக் கொண்டுவர வேண்டும். அவ பேச்சில்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

அவளுக்கு இன்னொரு டீ வாங்கக் கீழே போகிறேன். வந்து உறையை ஒட்டுகிறேன். உன் வீட்டிலுள்ள எல்லாருக்கும் என் ஆசீர்வாதம். எனக்காக அவர்களை வேண்டிக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். மனுஷன் கடிதத்தை மேஜைமேல போட்டுட்டுப் போயிருக்கார். நான் எங்கடா அழுதேன்? சிரிப்பை அடக்கத்தான் கைக்குட்டையைத் திணிச்சேன். இன்னும் அடங்கலை, வாயைத் திறந்தா சிரிச்சுடுவேன், அதான் பேசலை. கோபம்னு நினைச்சு அவர் கால் பிடிச்சு விடறார், இதை யாராவது கெடுத்துக்குவாங்களா? நீ மூச்சு விடாதே. எனக்கு ஒரே ஒரு கவலைதான். இன்னிக்கு அவர் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டா, அந்தக் கோர்ட்டுல கூப்பிட யார் இருக்கா? பரவாயில்லை, தோட்டக்காரனை நான் கூப்பிட்டுக்கறேன்.