பூஜ்யம் கிலோ பச்சை

எதையும் எழுதி வைக்காமல் மண்டையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நம்பும் ஆசாமிகளுக்குச் சங்கம் வைத்தால், நான்தான் தலைவர். (கல்யாணமான புதிதில் செயலாளரும் நானே.)

என் மாமனார் எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். மருமகன் கம்ப்யூட்டரில் புலி என்று முதலாளியிடம் அளந்துவிட்டு, மருந்து எடைச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் எழுதும் வேலையை எனக்கு வாங்கித் தந்தார். டேட்டாபேஸில் எடைக்கு மொத்தம் ஐந்து இலக்கம் என்று கொடுத்தேன். அதில் புள்ளிக்குப் பின் எத்தனை என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் டேட்டாபேஸ் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, எடையை முழு எண்ணாக்கிவிடும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. "நான்தான் இருக்கேனே சார்" என்றேன்.

வெளியூர் வியாபாரி ஒருவர் பச்சைப் புஸ்வாணம் பார்க்க வந்தார். பிடித்தால் சீசன் முழுக்க ஆர்டர். சாம்பிளுக்கு மற்ற மருந்தெல்லாம் முழுக் கிலோக் கணக்கு, பச்சை நிறம் தரும் உப்பு மட்டும் நானூறு கிராம் போதும். சீட்டில் பூஜ்யம் கிலோ என்று வந்தது. மாமனார் போன் செய்து கேட்டார். கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது, சீட்டில் உள்ளபடி போடுங்கள் என்றேன். சீட்டை மீறி ஒரு சிட்டிகை சேர்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அவரும் போட்டார், அதாவது போடவில்லை.

பொழுது சாய்ந்ததும் கொளுத்தினார்கள், வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். முதல் புஸ்வாணம் வெள்ளை. இரண்டாவது வெள்ளை. பத்தும் வெள்ளை. அந்த இடத்தில் பச்சையாக இருந்தது என் சட்டை ஒன்றுதான். (தலைதீபாவளிக்கு மாமனார் எடுத்துத் தந்தது.) முதலாளி என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

"சீட்டைப் பாத்ததுமே நான் நிறுத்தியிருக்கணும், மொதலாளி. தப்பு எம்மேலதான்" என்றார் மாமனார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அன்றே புரோகிராமைத் திருத்தினேன். மறுநாள் புஸ்வாணம் பச்சையாகப் பூத்தது, ஆர்டரும் கிடைத்தது.

பிறகு நான்கு பக்கம் உட்கார்ந்து எழுதினேன். "எடை: மொத்தம் எட்டு இலக்கம், புள்ளிக்குப் பின் மூன்று" என்று தொடங்கும் அதன் முதல் தாள் இன்றும் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் வைக்கிறார்கள்.

வீட்டில்தான் விடமாட்டேன் என்கிறார்கள். கால் டம்ளர் பாயசம் போதும் என்றால், மாமியார் வெறும் டம்ளரைக் கொண்டுவந்து வைக்கிறார்.

"கால்னா ஒங்க கணக்குல பூஜ்யந்தான, மாப்பிள்ள?"

அதனால் எப்போதும் முழு டம்ளராகவே கேட்கிறேன். தொப்பை வந்தது அப்படித்தான்.