நடுங்கிய காரும் நாலு நிமிட டெஸ்ட்டும்

படித்த படிப்பைப் பயன்படுத்தாமல் இருப்பதும் ஒருவகைப் பொதுச்சேவைதான். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பட்டம் வாங்கிய மறுமாதமே சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டதால் உலகம் பல வருடங்கள் பத்திரமாக இருந்தது.

சான் ஹோசேயில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒருநாள் அதற்கு ஐடிலிங் கெட்டுப்போனது. ஓடும்போது சமத்தாக ஓடும். சிக்னலில் நின்றால் போதும், குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். ஆர்.பி.எம். முள் ஏறும், இறங்கும், சில சமயம் ஒரேயடியாகப் படுத்துவிடும்.

"மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே?" என்றான் என் கணவன் பாஸ்கர். அவன் பி.காம். (பி.காம். எல்லாம் இன்ஜினைப் பற்றிப் பேசலாமா?)

"நீ சும்மா இரு. நான் டயக்னோஸ் பண்றேன்."

அவனால் சும்மா இருக்க முடியாத நிலைமை. கிரீன் கார்டு வந்த கையோடு அவனுக்கு லிவர்மோரில் வேலை கிடைத்திருந்தது. மலையைத் தாண்டித் தினமும் காரில் போக வேண்டும். திங்கட்கிழமை சேர வேண்டும், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை டிரைவிங் டெஸ்ட். அதில் தேறாவிட்டால் அடுத்த தேதிக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

நான் எக்செல் ஷீட் திறந்தேன். சந்தேகப்படும் பாகம், செய்த வைத்தியம், விளைவு என்று மூன்று பத்திகள். ஸ்பார்க் பிளக் மாற்றினேன். பேட்டரி முனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். காற்று போகும் வழியை ஸ்ப்ரே அடித்துக் கழுவினேன். ஒவ்வொரு முறையும் பாஸ்கரை உட்காரவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்வேன்.

"இப்ப கொஞ்சம் பரவால்ல இல்ல?"

"ம்," என்பான், பற்கள் தந்தியடிக்க.

பக்கத்து வீட்டுத் தோழி தன் காரை டெஸ்ட்டுக்குத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். வெள்ளிக்கிழமை காலை வண்டி இன்னும் மோசமானது. அப்போதுதான் என் பொறியியல் மூளை உச்சத்தைத் தொட்டது.

"சிக்னல்ல நிக்கும்போது பிரேக்ல ஒரு கால், ஆக்சிலரேட்டர்ல ஒரு கால் வெச்சுக்கோ. லேசா அமுக்கிட்டே இரு. ஆஃப் ஆகாது."

"ரெண்டு காலா? கேக்க மாட்டாங்களா?"

"கால யாரு பாக்கப்போறா?"

பார்த்தார்கள். பரிசோதகர் அம்மாள் அட்டையும் பேனாவுமாக ஏறி உட்கார்ந்தார். கார் கிளம்பி நாலே நிமிடத்தில் திரும்பி வந்தது. ஏன் இரண்டு காலையும் வைத்து ஓட்டுகிறாய் என்று கேட்டாராம். பயத்தில் பாஸ்கருக்கு வாயில் வந்தது ஒரே பதில்:

"மை வைஃப் இஸ் எ மெக்கானிக்கல் இன்ஜினியர்."

அந்த அம்மாள் 'ஃபெயில்' என்று எழுதினாராம். எழுதும்போது முகத்தில் இரக்கம் இருந்தது என்று அவன் இன்றும் சொல்கிறான்.

அங்கிருந்து நேராக மெக்கானிக் ஷெட். மெக்சிகோக்காரர், பெரிய மீசை. பானெட்டைத் திறந்தார், குனிந்தார், இன்ஜினின் பக்கவாட்டில் விரலளவு ரப்பர் குழாய் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன் ஒரு நுனி எதிலும் மாட்டாமல் தொங்கியது. அந்த வழியாகத்தான் காற்று கள்ளத்தனமாக உள்ளே போய் இன்ஜினைக் குழப்பியிருக்கிறது. குழாயில் ஒரு நூல். நூலில் காய்ந்த சாமந்தி இரண்டு.

"வாட் இஸ் திஸ்?" என்றார்.

ஆயுத பூஜைக்குப் பானெட்டின் மேல் மாலை போட்டால் காற்றில் பறந்துவிடும் என்று, பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கே மாலை கட்டியவள் நான். வாடியதும் வெடுக்கென்று இழுத்து எறிந்தேன். அப்போதுதான் குழாய் கழன்றிருக்கிறது. அதைவிடக் கேவலம், பிளக் மாற்றும்போது அந்த மிச்சப் பூவை நான் பார்த்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன்.

அவர் குழாயை மாட்டினார். முள் அசையாமல் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாஸ்கர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து, அவனை லிவர்மோரில் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து என் வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் மறுபடி மலையேற்றம். வேலையில் சேர்ந்த முதல் நாளே, உன்னை ஏன் மனைவி கொண்டுவந்து விடுகிறாள் என்று ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். பாஸ்கர் கதை முழுவதையும் சொல்லிவிட்டான்.

அது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அவன் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். டிஷ்வாஷர் நின்றுபோய், நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடும் சத்தம் கேட்டால் போதும், எங்கள் ஏழு வயது மகள் அவன் அறைக்கு ஓடுகிறாள்.

"அப்பா, கம் ஃபாஸ்ட்! அம்மா இஸ் ஃபிக்ஸிங் இட்!"

எவ்வளவு பெரிய வீடியோ மீட்டிங்காக இருந்தாலும் அவன் எழுந்துவிடுகிறான். என்ன அவசரம் என்று புதிதாகச் சேர்ந்த யாராவது கேட்டால், அவன் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. லிவர்மோர் ஆபீஸ் மொத்தமும் ஒரே குரலில் பதில் சொல்கிறது:

"ஹிஸ் வைஃப் இஸ் எ மெக்கானிக்கல் இன்ஜினியர்!"