கொள்முதல் பழகுகிற பெடியன்

வைத்தியரைத் தெரியும், வாத்தியாரைத் தெரியும், வெங்காயத் தரகரைத் தெரியும். இவர்களில் எவரோடும் சேராத ஓர் இனம் இப்போது யாழ்ப்பாணத்தில் முளைத்திருக்கிறது. புடைவைக்கடையில் இருந்துகொண்டு, நீங்களும் நானும் வரப்போகிற தீபாவளிக்கு எதைக் கட்டப் போகிறோம் என்று நமக்கு முன்னமே தெரிந்து வைத்திருக்கிற இனம். அதற்குப் பெயர், கொள்முதல் பழகுகிற பெடியன்.

முன்பு இந்த இனத்துக்கு வேலை இருக்கவில்லை. கப்பலில் துணி வராத காலத்தில் கடைக்கு எது வந்ததோ அதைக் கட்டினோம். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்று, கிடைத்த சீத்தைத் துணியைக் கிடைத்த நிறத்தில் வாங்கி, தாய்க்குச் சட்டை, மகளுக்குச் சட்டை, மிச்சத்தில் தலையணை உறை, அதிலும் மிச்சத்தில் யன்னல் சீலை என்று தைத்துப் போட்டு, குடும்பத்தோடு ஒரே பூந்தோட்டமாகத் திரிந்தோம். யாராவது முகம் சுளித்தார்களா? இல்லை. பிறகு எழுபத்தேழு வந்தது, இறக்குமதிக்குக் கதவு திறந்தது. நைலெக்ஸ் வந்தது, வொயில் வந்தது, ஜோர்ஜெற் வந்தது. வந்ததை விற்றுக்கொண்டிருந்த முதலாளிமாருக்கு எதை வாங்குவது என்று யோசிக்க வேண்டிய தலைவிதியும் வந்தது. யோசிக்க ஓர் ஆள் வேண்டாமா? அப்படித்தான் பஞ்சலிங்கம் உண்டானான்.

பஞ்சலிங்கத்துக்கு ஏழாலை. தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம். குனிந்து களை பிடுங்க முதுகு வளையவில்லை என்று, சுன்னாகச் சந்தைக்கு எதிரே இருக்கும் அருளம்பலம் முதலாளியின் புடைவைக்கடையில் சேர்ந்தான். சில காலம் சீத்தை அளந்தான். "இனிக் கொள்முதலைப் பழகு" என்று முதலாளி சொன்ன நாளோடு அவன் கண்ணுக்கு மனிதர் தெரிவது நின்று போயிற்று. துணி தெரியும். துணிக்குள்ளே யாரோ நிற்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியும்.

தெருவில் கண்டால் உங்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டான். உங்கள் சீலைத் தலைப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, மீன் செவுளைக் கிளப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்து, வெளிச்சத்துக்கு ஒருமுறை, நிழலுக்கு ஒருமுறை திருப்பி, மூக்கால் ஒரு மூச்சு விட்டு, "போன வருசத்துக் கலர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் "எப்பிடி மாமி, சுகமோ?" என்பான். நல்ல துணி என்றால் "ஓடும்" என்பான். விலைபோகாத துணி என்றால் "ஓடாது" என்பான். மனிதரைப் பற்றியும் அதே இரண்டு சொல்தான். தமக்கைக்குப் பேசி வந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து "ஓடும்" என்றானாம்.

அந்த மாப்பிள்ளை, இப்போது அத்தான், ஒருநாள் புது வேட்டியோடு விருந்துக்கு வந்திருந்தார். சோறு பரிமாறுகிற நேரம் பஞ்சலிங்கம் பக்கத்தில் போய்க் குந்தி, வேட்டிக் கரையில் ஒரு நூலை இழுத்து, நெருப்புக்குச்சியைக் கிழித்து, சுருளுகிறதா சாம்பலாகிறதா என்று சோதிக்கத் தொடங்கிவிட்டான். நூல் முழுதாக வெளியே வந்திருக்கவில்லை.

"பருத்தியில்லை, கலப்பு, அத்தான். உங்களை ஏமாத்திப் போட்டாங்கள்."

"கலப்பெண்டால் இருக்கட்டும், நெருப்பை நூரடா! உள்ளுக்கை நான் இருக்கிறன்!"

செத்தவீடு என்றாலாவது அடங்குவானா? போன ஆடியில் அயலில் ஒரு மனுசி மோசம் போய்விட்டா. கொழும்பிலிருந்து மகள் வந்து இறங்கி, வாசலிலேயே விழுந்து ஒப்பாரி வைக்கிறா. ஊரே கண்ணைத் துடைக்கிறது. பஞ்சலிங்கமும் கிட்டப் போய்க் குனிந்தான். ஆறுதல் சொல்லப் போகிறான் என்று எல்லாரும் வழி விட்டார்கள்.

"அழாதையுங்கோ அக்கா. உந்தச் சீலை ஜப்பானோ, சிங்கப்பூரோ?"

"சிங்கப்பூர், தம்பி... ஐயோ, என்ரை அம்மா!"

இப்படித் திரிந்தவனுக்கு ஒருநாள் காலம் வந்தது. வருடா வருடம் தீபாவளிச் சரக்கெடுக்கக் கொழும்புக்கு ரயில் ஏறுகிற அருளம்பலம் முதலாளிக்கு முழங்காலில் வாதம். படி ஏற முடியாது, புறக்கோட்டையில் கடை கடையாக நடக்க முடியாது. பஞ்சலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"இந்தத் தீபாவளிச் சரக்கு உன்ரை பொறுப்பு. ஓடினால், இனி எப்பவும் நீதான் கொழும்புக்கு. ஓடாட்டில், கொப்பரோடை போய் வெங்காயம் கிண்டு. விளங்கிச்சோ?"

"ஓம் முதலாளி. நான் சனத்தைக் கேட்டுத்தான் எடுப்பன். அதுதான் இப்பத்தைய முறை."

முறை எங்கே படித்தான் என்று கேட்காதீர்கள். புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றின் ஏஜென்ற் மாதிரிக்கென்று இரண்டு சீலை தந்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று ரோசாவும் ஊதாவும் கலந்த மெல்லிய நிறம், பொடிப்பூ. அதற்கு "ஒனியன் பிங்க்" என்று பெயராம். மற்றது பச்சை, அகலமான மஞ்சள் கரை. இரண்டையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கடைக்கு வருகிற பெண்களையெல்லாம் மறித்துக் கேட்டான். ஊசி வாங்க வந்தவளையும் விடவில்லை.

வெங்காய நிறத்தைக் காட்டினால் பெண்கள் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். "நல்லாயிருக்கு தம்பி. நல்ல வடிவு." கையால் தொட மாட்டார்கள். "அப்ப போட்டு வாறம்" என்று நடப்பார்கள். வாசல் தாண்டித் தெருவில் இறங்கியபின் ஒருத்தி மற்றவளிடம் சொல்வாள். "விடிஞ்சால் வெங்காயம், பொழுதுபட்டால் வெங்காயம். அதையே கட்டிக்கொண்டு கோயிலுக்கும் போறதோ?" அது பஞ்சலிங்கத்தின் காதில் விழுவதற்கு அவன் தெருவிலா நின்றான்?

பச்சையைக் காட்டினால் கதை வேறு. "ஐயோ, உதென்ன நிறம்! கிணத்துப் பாசி." "கரையைப் பார், பன்பாய் மாதிரி." "ஒரு தோய்ச்சலுக்கு நிக்குமே உந்தச் சாயம்?" வாய் இப்படித் திட்டும். கை என்ன செய்யும்? தலைப்பை இழுத்துத் தோளில் போடும். கண் கண்ணாடியைத் தேடும். பிறகு வாய், போகிற போக்கில் கேட்பதுபோல, "உதென்ன விலை?" என்று கேட்கும். பஞ்சலிங்கம் வாயை மட்டும் கேட்டான்.

இதிலே பெரிய பகிடி என்னவென்றால், இவன் சின்ன வயதிலிருந்து தாய்க்குப் பை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவன். அந்த மனுசி முருங்கைக்காயைப் பார்த்து "உதென்ன தும்புத்தடி" என்றால் அது பைக்குள் வரும். மீனைப் பார்த்து "உது செத்து ஒரு கிழமை" என்றால் அன்றைக்கு வீட்டில் அந்த மீன்குழம்பு. "நல்ல கத்தரிக்காய் அண்ணை" என்று வாயாரச் சொல்லிவிட்டு நகர்ந்தால், அந்தக் கத்தரிக்காயை அவள் இனித் திரும்பியும் பார்க்க மாட்டாள். வாங்கப் போகிற பொருளைப் புகழ்ந்தால் விற்கிறவன் விலையை இறக்குவானா? இது இந்த ஊரில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கொள்முதல் பழகத் தொடங்கினால் மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் மறந்து போகிறதே, என்ன செய்ய?

கொழும்புக்குப் போனான். வெங்காய நிறத்தைப் பொதி பொதியாக எடுத்தான். பச்சையில், ஏஜென்ற் முகம் கோணக்கூடாது என்று ஒரு நாலைந்து. லொறியில் சரக்கு வந்து இறங்கிய அன்று கடை முகப்பு முழுக்க வெங்காய நிறத்தைத் தொங்கவிட்டான். எதிரே சந்தையிலும் வெங்காயம், இங்கேயும் வெங்காயம்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கியது. பெண்கள் வந்தார்கள், தலையைச் சாய்த்தார்கள், "நல்லாயிருக்கு" என்றார்கள், போனார்கள். முதல் நாள் பஞ்சலிங்கம் சிரித்தான். இரண்டாம் நாள் பல்லைக் காட்டினான். மூன்றாம் நாள் பல்லைக் கடித்தான். முதலாளி காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்து பார்த்தார்.

"என்னடாப்பா, எல்லாரும் நல்லாயிருக்கு எண்டுதானே சொல்லினம்?"

"ஓம் முதலாளி."

"சொல்லிப்போட்டு ஏன் எல்லாரும் போகினம்?"

அந்த நேரம்தான் மயிலிட்டியிலிருந்து தங்கமுத்து வந்தா. வீட்டில் இரண்டு மீன்பிடி வள்ளம் ஓடுகிறது. குரல் கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்துக்குக் கேட்கும். வந்தவுடன் தட்டின் அடியில் கிடந்த பச்சையை உருவி எடுத்தா.

"உதென்ன தம்பி, கடல்லை மிதந்து வந்ததோ? கரை ஏன் இவ்வளவு அகலம்? பாய்மரத்துக்குக் கட்டவோ?"

பஞ்சலிங்கம் களைத்துப் போய், "பிடிக்காட்டி வையுங்கோ அக்கா" என்றான்.

"ஏன் வைக்கிறது? விலையைச் சொல்லு... அவ்வளவோ! உதுக்கோ! குறைச்சுப் போட்டு ரண்டு சுத்து."

பக்கத்தில் நின்று "கிணத்துப் பாசி" என்று முணுமுணுத்த மற்றொருத்தி பாய்ந்தா. "அது நான் பாத்து வைச்ச சீலை!"

"பாத்து வைச்சனியோ? பாசி எண்டு சொன்னது நீதானே!"

"பாசி எண்டால் வேண்டாமெண்டு அர்த்தமோ?"

இருந்த பச்சை அத்தனையும் அந்த இடத்திலேயே, திட்டுத் திட்டாகத் திட்டு வாங்கி விற்றுத் தீர்ந்தது. "இன்னும் இருக்கோ உந்த வடிவில்லாத பச்சை?" என்று கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். பஞ்சலிங்கத்துக்கு மூளையில் வெளிச்சம் அடித்தது. ஓகோ, திட்டுகிறவள்தான் வாங்குகிறவள்! அவன் வெங்காய நிறத்தில் ஒன்றை எடுத்துத் தங்கமுத்துவின் முன்னால் விரித்தான்.

"சீ, உதென்ன, கழுவி ஊத்தின ரத்தத் தண்ணி மாதிரி!" என்றா தங்கமுத்து.

இவனுக்கு ஆனந்தம். கடதாசியை இழுத்துச் சுற்றத் தொடங்கினான். "ஒண்டோ அக்கா, ரண்டோ?"

"விசரே உனக்கு? நல்லாயில்லை எண்டு சொல்லுறன், கட்டுறாய்!"

பார்த்தீர்களா? புகழ்ந்தும் வாங்கவில்லை, திட்டியும் வாங்கவில்லை. ஒரு பெண்பிள்ளை ஒரு சீலையை ஏன் எடுக்கிறாள் என்று கண்டுபிடிப்பதற்கு அவன் என்ன, அவனைப் படைத்தவன் வந்தாலும் வாசலில் காத்து நிற்க வேண்டியதுதான்.

தீபாவளி வந்து போனது. வெங்காய நிறம் அப்படியே மலையாகக் கிடந்தது. முதலாளி கோபிக்கக்கூட இல்லை.

"நல்ல நாள் பாத்துக் கொப்பரிட்டைப் போ மோனை. மழை பெய்யுது. பாத்தி கட்ட ஆள் தேவைப்படும்."

பஞ்சலிங்கம் தன் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்த நேரம், கிராமத்து மாதர் சங்கக் காரியதரிசி பாலேஸ்வரி, பின்னால் ஒரு படையோடு கடைக்குள் நுழைந்தா. சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரிச் சீலை கட்ட வேண்டுமென்று தீர்மானம். தீர்மானம் நிறைவேறிக் கன நாள். நிறம்தான் நிறைவேறவில்லை. தலைவிக்கு நீலம் பிடித்ததால் பொருளாளருக்கு நீலம் பிடிக்கவில்லை. பொருளாளர் மஞ்சள் என்றதால் மற்றவர்கள் மஞ்சளுக்கு எதிர். கதைத்துக் கதைத்து இரண்டு பேர் முகம் பாராமல் நிற்கிறார்கள்.

பாலேஸ்வரி வெங்காய நிறத்தைத் தூக்கிக் காட்டினா.

"நல்லாயிருக்கு" என்றா தலைவி.

"நல்லாயிருக்கு" என்றா பொருளாளர்.

"நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றது படை.

ஒருத்திக்கும் அதில் ஆசை இல்லை. ஆகவே ஒருத்தியும் அதனால் வெல்லவில்லை, ஒருத்தியும் தோற்கவில்லை. சங்கங்களுக்கென்றே கடவுள் படைத்த நிறம் அது! மலை முழுவதும் அன்றைக்கே இறங்கிப் போயிற்று. பக்கத்துக் கிராமத்துச் சங்கம் இதைக் கேள்விப்பட்டு வந்து, "எங்களுக்கு இல்லையோ?" என்று சண்டை பிடித்தது.

முதலாளி முழங்காலை மறந்து எழும்பி நின்றார். பஞ்சலிங்கம் என்ன செய்தான்? மடித்த சட்டையைப் பையிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, மேசையில் சாய்ந்து, மூக்கால் ஒரு மூச்சு விட்டான்.

"நான் சங்கத்தை நினைச்சுத்தானே முதலாளி எடுத்தனான்."

இப்போது பொங்கலுக்கும் அவன்தான், சித்திரைக்கும் அவன்தான். ரயிலில் யன்னல் பக்கத்தில் இருந்து, எதிரே இருக்கிறவரின் காற்சட்டை மடிப்பைத் தடவிக்கொண்டு கொழும்புக்குப் போகிறான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வருசப்பிறப்புக்கு உங்கள் மருமகளுக்கு நீங்களே பார்த்துத் தெரிவுசெய்து ஒரு சீலை எடுத்துக் கொடுத்தீர்கள் அல்லவா? இரண்டு கையாலும் வாங்கி, "நல்ல வடிவு மாமி" என்று கண்ணில் ஒற்றினாள் அல்லவா? அதன்பிறகு கலியாண வீடுகள் வந்தன, தேர் வந்தது, தீர்த்தம் வந்தது. அதைக் கட்டி அவளைக் கண்டீர்களா? அவள் கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்த்து அலுமாரியை மெல்லத் திறந்து பாருங்கள். கடை மடிப்புக் கலையாமல் இருந்தால், பஞ்சலிங்கம் உங்களுக்கு என்ன முறை என்று விசாரியுங்கள். கிட்டின சொந்தமாகத்தான் இருக்கும்.