தி ராவுத்தர்

வேலந்தாவளம் சந்தையில் இங்கிலீஷ் பேசியவர்கள் பலர் உண்டு. ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' என்ற இரண்டு பொடிச் சொற்களுக்காக வியாபாரத்தையே விடத் துணிந்தவர் ஒருவர்தான். அப்படி ஓர் ஆள் லண்டனிலும் இருந்திருக்க மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ராவுத்தர் சந்தை முக்கில் மாட்டுக்கயிறு விற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன் மலையில் ஓர் எஸ்டேட் துரைக்குச் சமையல்காரர். 'ஸ்பூன்' என்று மொட்டையாகச் சொன்னால் துரை தட்டையே தள்ளிவிடுவாராம். அந்தப் பைத்தியம் இவரையும் பிடித்துக்கொண்டது.

“ராவுத்தரே, கயிறு ஒண்ணு குடுங்க.”

“இங்கிலீசுல கேளுங்க.”

“ரோப்புங்க.”

“எ ரோப். கடையில கெடக்கறவரைக்கும் அது ஏதோ ஒண்ணு. உங்க மாட்டுக் கழுத்துல ஏறிட்டா, அப்புறம் அது தி ரோப்.”

வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு போவார். அடுத்த வாரமும் அங்கேதான் வருவார். கயிறு அப்படி.

சந்தையே அவருக்கு 'தி ராவுத்தர்' என்று பெயர் வைத்தது. அது சரியான இங்கிலீஷா என்று அவரிடமே கேட்டேன். “ராவுத்தருங்க ஊரு பூரா இருக்கறோம் தம்பி. நான் வெறும் எ” என்றார்.

ஒரு சந்தை நாளில் எங்கள் செவலைப் பசு யாருடைய சோளத்திலோ மேய்ந்து, பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் சர்க்கார் பட்டியான பவுண்டில் அடைபட்டது. வீட்டில் பால் மறக்காத கன்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தது. பவுண்டு அதிகாரியோ இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று சபதம் எடுத்தவர். ராவுத்தரிடம் ஓடினேன். “நீ முன்னால போ” என்றவர், சந்தை நாள் என்றும் பாராமல் கடையைச் சாத்தினார்.

பவுண்டில் மூன்று செவலைகள் நின்றன. நான் எங்கள் மாட்டைக் கைகாட்டினேன். அதிகாரி நம்பவில்லை. எல்லாரும் கறவையைத்தான் காட்டுவார்கள் என்று சிரித்துவிட்டுக் காவலாளியிடம், “கிவ் ஹிம் எ கௌ” என்றார். காவலாளி அவிழ்த்து விட்டது பல் விழுந்த கிழட்டு மாடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நோ சார்” என்று வாசலில் குரல் கேட்டது. ராவுத்தர். தோளில் எங்கள் கன்று. மேல்மூச்சு வாங்க நின்றவர், “எ கௌ இஸ் எனி கௌ. ஹிஸ் கௌ இஸ் தி கௌ” என்றார்.

“ஹூ நோஸ் தி கௌ?” என்றார் அதிகாரி.

“தி காஃப், சார்.”

கன்றை இறக்கி விட்டார். அது கிழட்டு மாட்டைத் தாண்டியது. அடுத்த செவலையை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. மூன்றாவதின் மடியில் போய் முட்டியது. பசு நக்கத் தொடங்கியது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“தி” என்றார் ராவுத்தர், மெதுவாக. அதிகாரி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இன்றும் அந்தச் சந்தைக்குப் போனால் என் கண் அந்தக் கன்றைப் போல ஒவ்வொரு முகமாகத் தாண்டித் தேடுகிறது. ராவுத்தர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தி ராவுத்தரைத்தான் காணோம்.