பெண் கேட்கப் போன வைத்தியன்

பயந்தவனை நல்லவன் என்று நினைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். சத்தம் போட மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான், ஆகவே தங்கமான பையன். நானும் அப்படித்தான் தங்கமான பையன் ஆனேன். உண்மையில் எனக்கு எல்லாரிடமும் பயம். பஸ்ஸில் மணியடித்தால் டிரைவர் முறைப்பாரோ என்று பயந்து, வேறு யாராவது அடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரான ஜாசினுக்குத் திரும்பினேன். மற்றவர்கள் ரேடியோ கொண்டுவந்தார்கள், செண்ட் கொண்டுவந்தார்கள். நான் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தேன். (அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.) ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு ஆடிப் பழகியது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். "கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று அவர் கேட்பார். நாம் சொன்னது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அடிபட்டால் உயிர் குறையும். உயிர் தீர்ந்தால் ஆள் காலி.

வசந்தி ஜாசினில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்தாள். பஸ்ஸில்தான் பழக்கம். ஊரில் இருக்கிறவன் எல்லாம் காதலிக்கு வாழ்த்து அட்டை கொடுத்தான். நான் அந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தை போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். அதோடு நின்றிருக்கலாம். புத்தகத்தின் அட்டையில் கொம்பு வைத்த பூதம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அது அவளுடைய அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது.

தனபால் அண்ணன் செர்காம் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் ஆட்டும் பனங்குலைகளை ஏற்றிப் போகும் செம்பனை லாரி ஓட்டுகிறவர். அப்பா இல்லாத அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அதிகம் பேச மாட்டார். அவர் மீசை எல்லாவற்றையும் பேசிவிடும். இது என்ன சூனியப் புத்தகமா என்று அவர் கேட்க, வசந்தி புத்தகத்தைப் பற்றியும் சொல்லி, கையோடு என்னைப் பற்றியும் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம அந்தப் பையன வரச் சொல்லு. என்ன வெளையாட்டுன்னு நானும் ஆடிப் பாக்குறேன். ஆளு எப்படின்னு அப்புறம் பேசலாம்" என்றாராம்.

அதாவது, என் அம்மா தட்டோடு அந்த வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

கதை சொல்லப் போவது வசந்தி. ஆடப் போவது அண்ணன், அவள் தம்பி சேகர், நான். அவர்கள் இருவரும் புதியவர்கள். புதியவர்களோடு ஆடும்போது பழகியவன் நாயகனாக நிற்கக் கூடாது. பக்கத்துணையாக ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர்களை ஜெயிக்க விட வேண்டும். அதற்காக உதவாக்கரையாகவும் இருக்கக் கூடாது. அப்புறம் அவர்கள் நம்மைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

மந்திரவாதியாகலாம் என்று முதலில் யோசித்தேன். ஏற்கெனவே சூனியம் என்று சந்தேகப்படுகிறார், வேண்டாம். திருடன் பூட்டைத் திறப்பான், பொறியைக் கண்டுபிடிப்பான், ரொம்ப உபயோகமான ஆள். ஆனால் திருடன் என்று சொல்லிக்கொண்டு பெண் கேட்க முடியாது. வில்லாளி தூர நின்று அம்பு விடுவான், கோழை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டுப் பாடி உற்சாகமூட்டும் பாணன் ஒருவன் உண்டு. நிரந்தர வேலை இல்லாதவன். கடைசியில் வைத்தியனைத் தேர்ந்தெடுத்தேன். கையில் ஒரு தடி, சுமாரான கவசம், அடிபட்டவர்களை எழுப்ப ஒரு நாளைக்கு இரண்டே மருந்து. பின்னால் நிற்கலாம், பணிவாக இருக்கலாம். எந்த வீட்டில் டாக்டர் மாப்பிள்ளையை வேண்டாம் என்பார்கள்?

அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியது. அடுப்படியில் அவர்கள் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். தனபால் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

வசந்தி கோட்டை கொத்தளம் எல்லாம் சொல்லவில்லை. தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைக்கூடத்தைச் சொன்னாள். நிஜமாகவே ஆற்றோரத்தில் பாழடைந்து கிடக்கும் கட்டடம் அது. பகலிலேயே யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

"கதவு சாத்தியிருக்கு. உள்ள ஏதோ மூச்சு விடுற சத்தம். அண்ணே, என்ன செய்யறீங்க?"

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "ஹாரன் அடிப்பேன்."

"அண்ணே, நீங்க இப்ப போர்வீரன். கையில வாள்தான் இருக்கு" என்றான் சேகர்.

"அப்ப கதவத் தட்டு. உள்ள ஆளு இருந்தா தொறக்கட்டும் லா."

நான் அடக்கமாக, உடைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் உடைத்தார். பகடையும் அவருக்குப் பயந்ததோ என்னவோ, கேட்டபடி விழுந்தது. உள்ளே கும்மிருட்டு. என் கணக்குப்படி போர்வீரன் முன்னால், சேகர் நடுவில், வைத்தியன் கடைசியில். இந்த விளையாட்டை யார் எங்கே ஆடினாலும் அதுதான் வரிசை. ஆனால் என்ன இருந்தாலும் அவர்கள் சம்பந்தி மரியாதை தெரிந்த குடும்பம்.

"வீட்டுக்கு வந்த ஆள பின்னாடி நடக்க வுடறதா? தம்பி, நீ முன்னாடி போ" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, நான் வைத்தியன், பின்னாடிதான்..."

மீசை அசைந்தது. நான் முன்னால் போனேன். ஹாஸ்டலில் இதைச் செய்திருந்தால் கூட்டாளிகள் என் கட்டிலையே வெளியில் தூக்கிப் போட்டிருப்பார்கள். வாசலைத் தாண்டியதும் கூரையிலிருந்து ஒரு பாம்பு என் கழுத்தில் விழுந்து கொத்தியது. பாதி உயிர் போயிற்று. முதல் மருந்தை எனக்கே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

"டாக்டரு மொதல்ல தானே சாப்பிட்டுட்டாரு" என்றான் சேகர்.

அதற்குள் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது வெளியே வந்தது. அட்டையில் இருந்த அதே கொம்புப் பூதம். வசந்தி குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல நான் சுவரோரம் நகர்ந்தேன். இடி இடித்தது, கரண்ட் போயிற்று. அவள் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தாள். அந்த வெளிச்சத்தில் எதிரே தெரிந்த மீசைக்குப் பூதம் எவ்வளவோ தேவலை. அண்ணனும் சேகரும் ஆவேசமாக வெட்டினார்கள். பூதம் ஒரே அடியில் சேகரைச் சாய்த்தது. அதன் நகம் அண்ணனின் கையையும் லேசாகக் கீறியது.

"சேகர் கெடக்கான். இப்ப மருந்து போடலன்னா உயிர் போயிரும்" என்றாள் வசந்தி. என்னை நேராகப் பார்த்தாள். "உங்ககிட்ட ஒரே ஒரு மருந்துதான் இருக்கு. யாருக்கு?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் ரத்தம் வருது போல" என்றார். சும்மா தகவலாகத்தான் சொன்னார். எனக்கு அது உத்தரவாகக் கேட்டது. பந்தியில் பெரியவர் இருக்கச் சின்னவர் இலையில் முதலில் பரிமாறினால் என்ன ஆகும் என்று என் உடம்புக்குத் தெரியும். அந்த உடம்பே பேசியது.

"பெரியவங்களுக்கு மொதல்ல."

வசந்தி பகடையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் செத்துட்டனா?" என்றான் சேகர்.

"செத்துட்ட."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது? வாயக் கழுவுங்க." கையோடு உப்பும் மிளகாயும் எடுத்துவந்து சேகருக்குச் சுற்றிப் போட்டார். அவன் செத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் துண்டை எடுத்து மடியில் வைத்தார். "என் தம்பி சாகக் கெடக்கான். நீ என் கீறலுக்கு மருந்து போடுற. ஏன்?"

பொய் சொல்லக்கூடப் பயமாக இருந்தது. "பயந்துட்டேண்ணே."

"எதுக்கு? அந்தப் பூதத்துக்கா?"

"இல்லண்ணே. உங்களுக்கு."

வசந்தி மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "நாளைக்கு நானும் அண்ணனும் ஒண்ணா கீழ விழுந்தா யாருக்கு மருந்து போடுவீங்க?"

'உனக்குத்தான்' என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், அனுமதி கேட்பதுபோல, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். வடை சாப்பிடாமல் நான் கிளம்பினேன். யாரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் வரவில்லை. முதல் பஸ், கடைசி பஸ் எல்லாவற்றிலும் தேடிவிட்டேன். வாழ்க்கையிலேயே ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரிந்திருந்தது, அதையும் கோட்டை விட்டேனே என்று அழுதேன். ஒருநாள் ஜாசின் பாசார் முன்னால் நடந்துகொண்டிருந்தபோது ஒரு செம்பனை லாரி என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறு" என்றார் தனபால் அண்ணன்.

ஏறினேன். ஓடியிருக்கலாம், ஓடவும் பயம். லாரி தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் செம்பனை, ஆள் நடமாட்டம் இல்லை. நான் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

"வசந்திக்கு நீதான் வேணுமாம். என்னப் பாத்து இப்படி நடுங்கினா என் தங்கச்சிய எப்படிப் பாத்துக்குவ?"

"இனிமே பயப்பட மாட்டேண்ணே."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் லாரியின் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். அவர் லாரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதுவும் பயமாகத்தான் இருந்தது. "சரி, அம்மாவ வரச் சொல்லு. சேகருதான் ஒத்துக்க மாட்டேங்கிறான். அவன நீயே சமாளிச்சுக்க."

சேகர் கல்யாணம்வரை காத்திருந்தான். பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். மண்டப வாசலில், அத்தனை சனத்துக்கு முன்னால், அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"செத்தவன் எப்படி மோதிரம் போடுறது? மொதல்ல என்னைய எழுப்புங்க."

உள்ளே நல்ல நேரம் போகிறது என்று ஐயர் கத்தினார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அண்ணன் தட்டை ஏந்திக்கொண்டு சேகருக்குப் பக்கத்திலேயே நின்றார். தட்டில் திருநீறு இருந்தது. மாப்பிள்ளை யாருக்காவது திருநீறு வைத்தால் மூத்த மச்சானுக்குத்தான் முதலில் வைக்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு சிட்டிகை எடுத்து சேகர் நெற்றியில் அப்பினேன்.

"பொழச்சுட்டேன்" என்று அவன் மாலையைப் போட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன், கல்யாண வீடியோ வரும்வரை.

தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டில் அந்த வீடியோ ஓடும். சேகர், அண்ணன், பிள்ளைகள் எல்லாரும் கூடியிருப்பார்கள். நான் திருநீறு எடுக்கும் இடம் வந்ததும் வசந்தி படத்தை நிறுத்திவிடுவாள். எழுந்துபோய் டிவியில் விரலை வைத்துக் காட்டுவாள்.

"பாத்துக்குங்க. மருந்து தம்பிக்குப் போவுது. கண்ணு அண்ணன்கிட்டயே நிக்குது."