எடை போட்டு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

என் மருமகளிடம் ஒரு பொய் சொன்னேன். அறியாமல் சொன்னது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தெரிந்தேதான் சொன்னேன், அதுவும் அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே. அந்தப் பொய்யால் டென்மார்க்கிலிருந்து எங்களிடம் பனியன் வாங்க நினைத்த ஒரு பெண்மணியின் முன்னால் கம்பெனியின் மானம் போனது. பேச்சுக்குச் சொல்லவில்லை. உடுத்த துணியோடு போனது.

என் யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவுளித் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவன். திருப்பூரில் எங்கள் கம்பெனிக்கு வந்த துணியையெல்லாம் ஓய்வுபெறும்வரை நான்தான் சோதித்தேன். பின்னல் துணியை நாங்கள் ஜிஎஸ்எம் வைத்து மதிப்போம். அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. வட்டமாக ஒரு துண்டு வெட்டி, சட்டைப்பைக்குள் அடங்கும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். எடை குறைந்தால் எவனோ ஏமாற்றுகிறான் என்று பொருள். இந்த ஒரே விதியைக் கொண்டுதான் பாத்திரம், பூட்டு, கட்டில் எல்லாம் வாங்கினேன். (மாப்பிள்ளையைக்கூட அப்படித்தான் பார்த்தீர்கள் என்பாள் என் மனைவி கோமதி. அவர் எடை இன்றுவரை குறையவில்லை.)

மருமகள் சங்கீதா டிசைன் படித்தவள். சாம்பிள் சட்டையைத் தைக்காமலே கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை மனிதனுக்கு மாட்டி, அவனை நடக்கவிட்டு, துணி எப்படி மடிகிறது என்று காட்டுவாள். கம்பெனியை நடத்தும் என் மகன் செந்திலுக்கு அதில் நம்பிக்கையில்லை.

“டென்மார்க் அம்மாவுக்கு ஒரே ஒருக்கா காட்டு. அந்தம்மா ஓகே பண்ணுனா உன்ற இஷ்டம். இல்லீன்னா உன்ற கம்ப்யூட்டர் ரூமுல அட்டப்பெட்டி அடுக்கிக்கறேன்” என்றான்.

அவள் கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டு இந்த வேலைக்குப் போதவில்லை. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் பெயரை என் போனுக்கு அனுப்பினாள்.

“எனக்குக் கட பக்கம் போக நேரமில்லீங் மாமா. சிபியூவக் கொண்டுபோயி இதையே மாட்டீட்டு வந்தாப் போதுமுங்க. மெமரி பன்னெண்டு ஜிபி இருக்கோணும். அதுல மட்டும் கை வெச்சராதீங்க.”

“ஏனம்மிணி, எனக்குத் தெரியாதா?” என்றேன். தெரியாது என்பதுதான் சரியான பதில்.

கடைக்காரர் அவள் கேட்ட கார்டை எடுத்து வைத்தார். பக்கத்திலேயே அதற்கு முந்தைய தலைமுறையின் பெரிய கார்டு ஒன்று தூசியோடு இருந்தது. இரண்டையும் ஒப்பிடும் பக்கத்தைப் போனில் திறந்தேன். கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை, பழையதற்கு அதிகம். தகவல் போய்வரும் பாதையின் அகலம், பழையதற்கு அதிகம். மின்சாரம் இழுப்பது, பழையதற்கு மிக அதிகம். (நன்றாகச் சாப்பிடுகிறவன் நன்றாக உழைப்பான் என்று அதையும் அதன் கணக்கிலேயே சேர்த்தேன்.) காற்றாடி புதியதில் இரண்டு, பழையதில் மூன்று. புதியது ஜெயித்தது மெமரியில் மட்டும்தான். அது பன்னிரண்டு, பழையது எட்டு. வெளிவந்த ஆண்டு என்றொரு வரி இருந்தது. பழையது என்பது ஒரு குறையா என்று என் வயது கேட்டதால் அதைத் தள்ளிவிட்டேன். வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கடைசியில் எழுதியிருந்தது. அவ்வளவு தூரம் நான் படிக்கவில்லை.

சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது என்று பையிலிருந்து தராசை எடுத்தேன். புதிய கார்டின் எடையைத் திக்கித் திணறிக் காட்டியது. பழையதை வைத்ததும் தாங்காமல் அணைந்துபோனது. எந்தத் துணியும் என் தராசை அப்படித் தோற்கடித்ததில்லை. அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “ஐயா, இப்படிப் பாத்து வாங்குற ஆளு நம்ம கடைக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல” என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அந்தக் கார்டு தன் கடையை விட்டுப் போகிறதே என்ற நிம்மதியில் அவரே துடைத்து மாட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் காபி வந்தது. கூடவே கேள்வியும் வந்தது.

“நாஞ் சொன்னதுதானுங்களே மாமா?”

“அதேதான் கண்ணு.”

அவ்வளவுதான் பொய். நல்லது செய்துவிட்டு மறைக்கிறோம் என்ற பெருமிதம் வேறு. அவளும் நம்பி, சிபியூவைத் திறந்து பார்க்கவில்லை. பொம்மைக்கு ஒவ்வொரு சட்டையாகப் போட்டுப் பார்த்தாள்; ஒழுங்காக வேலை செய்தது.

வீடியோ அழைப்பு நாளன்று எல்லோரும் அந்த அறையில் கூடினோம். கோமதி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். டென்மார்க் அம்மா ஒவ்வொரு சட்டைக்கும் தலையாட்டினார். செந்திலின் முகம்கூட இளகியது. பிறகு அவர், எல்லாச் சட்டைகளையும் ஒன்றாக நிற்க வைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

சங்கீதா பொம்மைகளை வரிசையாக நிறுத்தினாள். மேசைக்கடியில் கார்டு பின்னல் மெஷினைப் போல இரையத் தொடங்கியது. முதலில் ஓரத்தில் நின்றவனின் சட்டை மறைந்தது. அடுத்து அவன் பக்கத்திலிருந்தவனுடையது. மெமரி நிறைந்துபோனதால் கார்டு சுமையை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டைகள் தீர்ந்ததும் கால்சட்டைகளுக்கு வந்தது.

கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “இது உங்கள் கோடைக்காலத் தொகுப்பா?” என்று டென்மார்க் அம்மா மரியாதையாகக் கேட்டார். அத்தோடு திரை கறுத்தது.

“கரண்டாத்தான் இருக்கும்” என்றேன், மின்விசிறி தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்க.

செந்தில் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலை அந்த அறைக்கு அட்டைப்பெட்டிகள் வந்தன. எனக்குக் கணியூரில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் அவசர வேலை வந்தது. இரண்டு நாள் மரங்களை எண்ணுவது போல நடித்தேன். நான் செய்த தவறுக்குச் சங்கீதாவின் படிப்பே தோற்றுப்போனது என்ற நினைப்பு அங்கேயும் கூடவே வந்தது. திரும்பி வந்து, சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

செந்தில் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். சங்கீதா நிதானமாகக் கேட்டாள்.

“எட எவ்வளவுங் மாமா இருந்துச்சு?”

“தராசு காட்டலையம்மிணி.”

கோமதிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சங்கீதா சிரிக்கவில்லை; எழுந்து ரசம் எடுக்கப் போனாள்.

அடுத்த நாள் அதே கடையில் தான் முதலில் கேட்ட கார்டைச் சங்கீதா கைகாட்டினாள், நான் தராசை வெளியே எடுக்காமல் நின்றேன். அட்டைப்பெட்டிகளை நானே சுமந்து எங்கள் படுக்கையறையில் அடுக்கினேன். டென்மார்க் அம்மாவை மறுபடி அழைத்து, தவறு கம்ப்யூட்டருடையதுமில்லை, என் மருமகளுடையதுமில்லை, என்னுடையது என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். ஜிஎஸ்எம் என்ற சொல் வந்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த சீசன் ஆர்டர் கைவிட்டுப் போனது போனதுதான். அடுத்த சீசனுக்கு, சங்கீதா திரையில் காட்டியதைப் பார்த்தே ஆர்டர் கொடுத்தார். செந்தில் அந்த அறையைப் பற்றி இப்போது பேசுவதில்லை. அட்டைப்பெட்டிகளைப் பற்றியும் பேசுவதில்லை. நானும் கோமதியும் இன்னும் அவற்றுக்கிடையில்தான் படுத்து எழுகிறோம்.

சங்கீதா மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பொம்மை மனிதனுக்கு ‘மாமா’ என்று பெயர் வைத்துவிட்டாள். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அவன் வெறும் உடம்போடுதான் நிற்பான். செந்தில் அவளை எதற்காவது அவசரமாகக் கூப்பிட்டால், அறைக்குள்ளிருந்து பதில் வரும்.

“இருங்க, வந்தர்றேன். மாமாவுக்கு மொதல்ல ஒரு சட்டையப் போட்டு உட்டர்றேன்.”